நாற்பத்திரண்டாம் நொடி

முதல் சைரன் காலை ஏழு பத்துக்கு ஊதியது. கீழ்க்கரைத் துறைமுகத்தில் மாவரைக்கும் இயந்திரங்கள் நின்றன. படகுகளின் மோட்டார்கள் அணைந்தன. ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் சம்மட்டியைத் தரையில் வைக்காமல் தோளிலேயே தாங்கிக்கொண்டார்கள். ஏலக்கூடத்தின் மேடையில் பாக்கியநாதன் விலை கூவத் தூக்கிய வலது கையை அப்படியே உயர்த்தி வைத்துக்கொண்டான். அறுநூறு பேர் நின்ற இடத்தில் நின்றார்கள். இருமல் வந்தவர்கள் துணியை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

மேட்டின் மேலிருந்த அலைக்கூடத்தின் சன்னல் வழியாக அவர்களைப் பார்த்தபடி, பாக்கியநாதனின் மனைவி ஜெசிந்தாவும் அசையாமல் நின்றாள். அவளுக்குப் பக்கத்துத் திரையில் நூற்றிருபது கோடுகள் ஓடின. ஊரெங்கும் தரைக்குள் அடித்து இறக்கியிருந்த நூற்றிருபது செவிமுளைகளிலிருந்து வருபவை அவை. ஒவ்வொரு முளையின் நுனியிலும் ஒரு சென்சார். தரையின் மிகச் சிறிய நடுக்கமும் அதற்குக் கேட்கும். சைரனுக்கு முன்புவரை சிலிர்த்துக்கொண்டிருந்த கோடுகள், ஊர் நின்றதும் படிந்து நேராயின.

பின்னாலிருந்த குன்றில் பீரங்கி வெடித்தது. அந்த நொடியிலிருந்து ஊரே மனதுக்குள் எண்ணத் தொடங்கியது. பாக்கியநாதனும் எண்ணுவான், உதடு அசையாமல், ஏலம் கூவும் அதே இழுப்பில் எண்ணுவான். வீட்டில் தூக்கத்தில்கூட எண்ணியிருக்கிறான். முப்பத்தெட்டு நொடி குண்டு வானத்தில் இருக்கும். அது விழுந்தபின் அதன் அலை மலையைத் துளைத்து இந்தப் பக்கம் வர நான்கு நொடி. நாற்பத்திரண்டாம் நொடியில் உள்ளங்காலில் ஒரு கூச்சம் ஏறி இறங்கியது. திரையில் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளின.

ஐம்பத்தாறில் ஒரு கோடு மட்டும் தனியாகத் துள்ளியது. ஜெசிந்தா கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். படகுத்துறைப் படிக்கட்டில் ஒரு பெண், பாசியில் வழுக்கிய தன் கைக்குழந்தையை இரண்டே எட்டில் பாய்ந்து பிடித்திருந்தாள்.

எண்பதாவது நொடியில் இரண்டாம் சைரன் ஊதியது. உடனே தொலைபேசி மணியும் அடித்தது.

"அலைக்காரம்மா, எந்த முளை?" அசைவுக்காவலர் தலைவனின் குரல்.

"முப்பத்தொண்ணு. பச்சப்புள்ள தண்ணியில விழப்போச்சுங்க."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க நம்பரைச் சொன்னா போதும்."

காவலர்களும் எண்பது நொடி சிலையாக நின்றவர்கள்தான். அடி எப்போதும் இரண்டாம் சைரனுக்குப் பிறகே தொடங்கும். அந்தப் பெண் குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, தானாகவே படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். மூன்றாவது அடியில் கணுக்கால் உடைந்தது. அவள் கத்தியது அலைக்கூடம் வரை கேட்டது. முப்பத்தொன்றாம் கோட்டில் அது சின்னச் சின்ன முள்ளாகப் பதிந்தது. கீழே பாக்கியநாதன் கையை இறக்கி ஏலத்தைத் தொடர்ந்தான்.

இதைக் கொடுமை என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. நிலக்கரைகள் கடலுக்குள் போனபின் படகுகளில் வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இவர்கள். நடுக்கடலில் எழுந்து நின்ற கருமலை, எரிமலை என்று தெரிந்தே ஏறினார்கள். அதன் நீராவிதான் மின்சாரம். அதன் சூட்டில் காய்ச்சி வடித்ததுதான் குடிநீர். முதல் பன்னிரண்டு வருடம் எல்லோரும் ஒரே ஊர். பிறகு நீராவிக் கிணறு யாருக்கு என்ற சண்டையில் ஊர் இரண்டானது. மலைக்கு இந்தப் பக்கம் கீழ்க்கரை, அந்தப் பக்கம் மேற்கரை. பிரிந்த மறு வருடமே மலை வடக்கில் சொல்லாமல் பிளந்து, இரண்டு தெருக்களைப் பாறைக்குழம்பில் மூடியது. அன்றிலிருந்து மலையின் உள்ளைப் பார்க்காமல் எந்தக் கரையும் நாளைக் கழிப்பதில்லை.

உள்ளைப் பார்க்க அலை வேண்டும். அலை மலையின் ஊடே வரவேண்டும். கெட்டிப்பாறையில் வேகமாக ஓடும் அலை குழம்பில் தளர்ந்து தாமதமாகும். அந்தத் தாமதங்களைக் கூட்டிக் கோத்தால் ஊடுபடம் கிடைக்கும். ஆனால் அலை இந்தப் பக்கம் வந்துசேர வேண்டுமென்றால் அது அந்தப் பக்கம் புறப்பட வேண்டும். அந்தப் பக்கம் வெடி வைக்க எதிரி விடமாட்டான். ஆகவே குண்டுதான். காலை முறை கீழ்க்கரையுடையது: இவர்கள் சுடுவார்கள், அசையாமல் நின்று கேட்பார்கள், மேற்கரை பதுங்கும். மாலை நான்கிலிருந்து ஆறுக்குள் மேற்கரையின் முறை: அவர்கள் சுட்டுவிட்டு அசையாமல் நிற்பார்கள், கீழ்க்கரை கூரைகளுக்கடியில் பதுங்கும்; ஏலக்கூடத்தில் மட்டும் கூரைக்கடியிலேயே ஏலம் ஓடும். யாரும் கையெழுத்துப் போடாத ஏற்பாடு. பத்து வருடமாக ஒரு நாளும் தவறியதில்லை. இன்று உள்ளங்காலில் ஏறிய கூச்சம் மேற்கரையில் யாருடைய வீடு என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

அன்று ஊடுபடத்தைக் கொடுக்க ஜெசிந்தா குன்றுக்கு ஏறினாள். பீரங்கிப்படைத் தலைவர் துரைக்கண்ணு இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த படைக்காரர்கள் நேற்றைய குண்டைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது மாதாகோவில் கல்லறைத் தோட்டத்தில் விழுந்து பழைய எலும்புகளைச் சுவர்வரை வாரி இறைத்திருந்தது.

"நாலு நாளா எல்லாமே வெட்டவெளி. உப்பளம், வலைத்திடல், பழைய ஐஸ் ஃபேக்டரி. நேத்து செத்தவங்களையே திரும்பக் கொன்னுட்டான்," என்றான் ஒருவன். "காத்தமுத்துக்குக் கண்ணாடி மாத்தணும்டா."

மேற்கரையின் அலைவாசிப்பாளன் பெயர் காத்தமுத்து. ஊர் ஒன்றாக இருந்தபோது அவனும் ஜெசிந்தாவும் ஒரே அலைக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அது குன்றில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் சிரித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் சுவரைப் பார்த்தாள். அங்கே சேதப்படம் தொங்கியது. எதிரியின் குண்டு விழுந்த இடங்களில் சிவப்பு ஊசி. கீழ்க்கரையில் ஊடுபடம் அலைக்கூடத்தில் இருக்கும், சேதப்படம் குன்றில் இருக்கும். நம் குண்டால் மலையைப் பார்ப்பது ஒரு வேலை. அவன் குண்டால் செத்தவர்களை எண்ணுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கும் வழக்கம் இருந்ததில்லை. அவளுக்கும் அது தோன்றியதில்லை.

கடைசி நான்கு ஊசிகளும் ஒரு சதுரமாக நின்றன.

கையிலிருந்த ஊடுபடத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். சதுரம் விழுந்த இடம் அவளுடைய படத்தில் வெறும் சாம்பல் நிறம். கீழ்க்கரையின் குண்டுகள் இதுவரை விழுந்த எந்தக் கோணத்திலும் அலை எட்டாத மூலை அது.

"அண்ணே, இது குறி தப்பினது இல்ல."

"பின்ன?"

"காத்தமுத்து வேலை செய்யற தினுசே இதான். சந்தேகமா ஒரு இடம் இருந்தா நாலு மூலையையும் முதல்ல தட்டிப் பாப்பான். அப்புறம் நெஞ்சுல வெப்பான். நாலு மூலை, பிறகு நெஞ்சு. எங்கிட்டயே நூறு தடவ சொல்லியிருக்கான்."

துரைக்கண்ணு எழுந்து வந்தார். சதுரத்தின் நடுவில் விரலை வைத்தார். விரலுக்கடியில் ஏலக்கூடம் இருந்தது.

"இன்னிக்கு சாயங்காலமா?"

"ஆமாண்ணே. அவன் ஏலக்கூடத்த அடிக்கல. அதுக்கு அடியில ஏதோ பாத்திருக்கான். அதத்தான் பாக்கறான்."

"எங்க ஆளுங்க உடம்புமேல நின்னு பாக்கறான்." துரைக்கண்ணுவின் தம்பி போன மாதம் தண்ணீர் வரிசையில் இருந்தவன். அன்று விழுந்த குண்டில் பதினெட்டுப் பேர். தம்பியை அவர் செருப்பை வைத்து அடையாளம் கண்டார். "சரி. நாலு மணிக்கு முன்னாடி நான் முந்திக்கறேன். இருக்கற குண்டையெல்லாம் அவன் பீரங்கிமேல போட்டா நெஞ்சும் வராது, நுரையீரலும் வராது."

"வேணாண்ணே. அந்தக் குண்டு விழணும்."

படைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கூடத்தக் காலி பண்ணிட்டு, அதச் சுத்தி நான் முளை அடிச்சுக்கறேன். தலைக்கு மேலயே வெடிச்சா, அடியில என்ன இருக்கோ அதுல பட்டு அலை திரும்பி வரும். நமக்கும் தெரியும். இல்லாட்டி நம்ம படத்துல அந்த எடம் குருடுதான்."

"காலி பண்ணச் சொல்ல சபை கேக்கும், என்ன ஆதாரம்னு. எதிரி பழைய சிநேகிதன், அவன் பழக்கம் எனக்குத் தெரியும்னு சொல்லுவியா? உன்னையே கட்டி வெச்சு அடிப்பாங்க." துரைக்கண்ணு கையைக் கழுவிக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "நான் காலி பண்ணித் தரேன். படைத்தலைவன் உத்தரவு, யார் கேக்கறது? அவன் குண்டு விழுந்தப்புறம் எண்பது நொடி என் பீரங்கி மூச்சு விடாது. பதிலுக்கு ஒண்ணு கேப்பேன். அவன் அலைக்கூடம் எங்க இருக்கு?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"உனக்குத் தெரியும்னு பத்து வருசமா எனக்குத் தெரியும்மா."

மேற்கரையில் அலைக்கூடத்துக்குத் தோதாக, கடலிரைச்சல் எட்டாத இடம் ஒன்றே ஒன்று: கைவிடப்பட்ட கருங்கல் குழி. பிரிவினைக்கு முந்தைய வருடம் அவளும் காத்தமுத்துவும்தான் மூன்று நாள் முளைகளைச் சுமந்து அலைந்து அதைக் கண்டுபிடித்தார்கள். காத்தமுத்துவுக்கும் அவளுடைய அலைக்கூடம் இருக்கும் மேடு தெரியும். பத்து வருடத்தில் அந்த மேட்டின் பக்கம் ஒரு குண்டுகூட வந்ததில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை; காலையில் வேலைக்கு நடக்கும்போது மட்டும் நினைத்துக்கொள்வாள்.

அறுநூறு பேர். மேடையில் பாக்கியநாதன்.

"கல்லுக்குழி," என்றாள். "தெக்குச் சுவருக்கு அடியில." முளை நம்பர் சொல்லும் அதே குரலில்தான் சொன்னாள்.

மூன்றரைக்கு ஏலக்கூடத்தைப் பூட்டினார்கள். கூடை கூடையாக மீன் வெயிலில் நின்றது. வசவுகள் துறைமுகம் முழுக்கக் கேட்டன. ஜெசிந்தா அலைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், வேலையில்லாமல் போன பாக்கியநாதன்.

நான்கு மணி ஆயிற்று. நாலே கால், நாலரை. ஒன்றும் வரவில்லை. ஐந்து மணி.

"உன் சிநேகிதன் கவுத்துட்டான் ஜெசி," என்றான் பாக்கியநாதன். "இன்னும் கொஞ்ச நேரத்துல இந்த ஊர்ப் பொம்பளைங்க நாறின மீனை நம்ம வீட்டு வாசல்ல கொட்டப் போறாங்க."

ஐந்து இருபத்தைந்துக்குக் காற்று கிழிந்தது. குண்டு ஏலக்கூடத்தின் கூரை நடுவில் நுழைந்து, தரையைத் துளைத்து, அடியில் வெடித்தது. கூரைத் தகடுகள் சீட்டுக்கட்டைப் போலப் பறந்தன. மேடை இருந்த இடத்தில் படகு கொள்ளும் அளவுக்குக் குழி. தன் மீனுக்கு ஐஸ் எடுக்கப் பின்வாசல் வழியாக நுழைந்திருந்த பெரியதம்பி என்ற கிழவரின் உடம்பு துறைச்சுவரில் மோதி இரண்டாகி, ஒரு பாதி தண்ணீரில் விழுந்தது.

ஜெசிந்தா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோடுகள் துள்ளி அடங்கின. பிறகு அடியிலிருந்து திரும்பி வந்த அலை, இரண்டாவது வரிசையாக எழுந்தது. கணினி அதைக் கோக்கக் கோக்க, சாம்பல் மூலையில் ஒரு வடிவம் தெளிந்தது. கத்தியைச் செங்குத்தாக நிறுத்தியதுபோல் ஒரு குழம்புச்சுவர். நுனி மேல்நோக்கி. தரைக்கு எண்ணூறு மீட்டர் கீழே. நேராக ஏலக்கூடத்துக்கு அடியில்.

"ஏங்க," என்றாள் அவள். "வழக்கமா ஏலம் எப்ப முடியும்?"

"அஞ்சுக்குக் கடைசிக் கூடை. அஞ்சேகாலுக்கெல்லாம் கழுவி விட்டுருவோம். ஈ காக்கா இருக்காது." அவன் சற்று நிறுத்தினான். "காத்தமுத்துக்குத் தெரியாதா என்ன? ஊர் ஒண்ணா இருந்தப்ப அவனும் அங்கதான கூடை தூக்கினான்."

அவள் தொலைபேசியை எடுத்தாள். எண்பது நொடி முடிந்திருந்தது. "அண்ணே, நிறுத்துங்க, அவன்..." என்று தொடங்கியதை முதல் பீரங்கி விழுங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக ஆறு. பெரியதம்பியின் பாதி உடம்பைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

முப்பத்தெட்டும் நான்கும் நாற்பத்திரண்டு. கோடுகள் வரிசையாக ஆறு முறை துள்ளின. ஆறாவதுக்குப் பிறகு, ஒழுங்கில்லாத சின்னச் சின்ன நடுக்கங்கள் நெடுநேரம் வந்துகொண்டிருந்தன. கான்கிரீட் கூரை ஒன்று தவணை தவணையாக இடிந்து விழுவது அப்படித்தான் பதியும். பிறகு கோடுகள் நேராயின. அந்தப் பக்கமிருந்து அவ்வளவு சுத்தமான அலைகள் அவளுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

அன்று இரவு சபையில் ஊடுபடத்தை விரித்தார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எப்போது?

"ஒரு படத்தை வெச்சு எங்க இருக்குன்னு சொல்லலாம். எவ்வளவு வேகமா ஏறுதுன்னு சொல்ல ரெண்டு படம் வேணும்," என்றாள் ஜெசிந்தா. "முந்தின படம் காத்தமுத்துகிட்ட இருந்துச்சு. நாலு நாளா எடுத்துக்கிட்டிருந்தான்."

துரைக்கண்ணு தரையைப் பார்த்தார்.

"படகுல ஏத்திடுங்க எல்லாரையும்."

"ஏத்தி எங்க போறது? மேற்கரைக்கா?" சபைத் தலைவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு சாயங்காலம் அவன் சுடுவான்ல. அதுல ரெண்டாவது படத்த எடு."

மறுநாள் மாலை நான்கு மணிக்கு ஊர் பதுங்கியது. ஆறு மணிக்கு வெளியே வந்தது. குண்டு விழவில்லை. பத்து வருடத்தில் முதல் முறை. தெருவில் பட்டாசு வெடித்தார்கள். துரைக்கண்ணுவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கணுக்கால் உடைந்த பெண்கூட வாசலில் உட்கார்ந்து கையசைத்தாள். மேற்கரையில் இனி கேட்பதற்கு ஆள் இல்லை, ஆகவே சுடுவதற்குக் காரணம் இல்லை என்று ஜெசிந்தா சொன்னதும், அதற்கும் கைதட்டினார்கள்.

சபை முடிவெடுத்தது: காலை முறையில் நாமே மேற்கரையின் வடகோடியில் சுடுவோம், அந்தக் கோணத்தில் குழம்புச்சுவரின் நுனி கொஞ்சமாவது தெரியும். படம் துல்லியமாக வேண்டும். அசைபவர் யாராக இருந்தாலும் இரண்டு காலும் உடையும்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு ஜெசிந்தா ஏலக்கூடத்தில் இருந்தாள். குழியைச் சுற்றி நெருக்கமாக முளை அடிக்க வேறு யாரையும் அவள் நம்பவில்லை. குழியின் ஓரத்திலேயே பலகை போட்டு ஏலம் தொடங்கியிருந்தது. இரண்டு நாள் விற்காத ஊருக்கு மீன் விற்றாக வேண்டும். பலகைமேல் பாக்கியநாதன். கூட்டம் முன்னைவிட அதிகம். கடைசி முளையை அடித்து இறக்கிவிட்டுத் தரையில் கை வைத்தாள். தரை, அடுப்பிலிருந்து இறக்கிவைத்த சட்டியைப்போல் இருந்தது.

ஏழு பத்து. முதல் சைரன். எல்லோரும் நின்றார்கள். பாக்கியநாதனின் கை மேலே.

பீரங்கி வெடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அவளும் எண்ணினாள். அலைக்கூடத் திரையில் இப்போது கோடுகள் நேராகியிருக்கும்.

பதினேழாம் நொடியில் உள்ளங்காலில் கூச்சம் ஏறியது.

குண்டு இன்னும் வானத்தில் இருந்தது. அது விழவே இன்னும் இருபத்தொரு நொடி. ஊரில் எண்ணத் தெரிந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அவள் சுற்றிலும் பார்த்தாள். கூட்டத்தின் கண்கள் எல்லாம் உருண்டன. ஒரு கால்கூட நகரவில்லை. கூச்சம் நிற்கவில்லை, முழங்கால்வரை ஏறியது. குழியின் ஓரத்திலிருந்து கல் ஒன்று உருண்டு உள்ளே விழுந்தது.

"ஓடுங்க!" என்று கத்தினாள் ஜெசிந்தா. அவளுடைய குரல் கூடத்தில் தனியாக ஒலித்தது. "இது நம்ம குண்டு இல்ல, ஓடுங்க!" பக்கத்தில் நின்ற பெண்ணைப் பிடித்து உலுக்கினாள். அவள் கண்ணில் நீர் கொட்டியது. கூடையை இறுக்கிக்கொண்டு நின்றாள். வாசலில் அசைவுக்காவலன் தடியோடு சிலையாக நின்றான். அவன் கண்கள் ஜெசிந்தாவின் கால்களைப் பின்தொடர்ந்தன. இரண்டாம் சைரனுக்காகக் காத்திருந்தான்.

அவள் பலகைமேல் ஏறிப் பாக்கியநாதனின் உயர்ந்த கையைப் பிடித்து இழுத்தாள். அது மரம்போல் விறைத்திருந்தது. குழிக்குள்ளிருந்து வெள்ளைப் புகை ஒரு நூலாக எழுந்தது.

"வாங்க. ஏங்க, வாங்க."

அவன் அவளைப் பார்த்தான். அவனுடைய முகம் வியர்த்திருந்தது. உதடு அசையாமல், ஏலம் கூவும் அதே இழுப்பில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"எண்பதுக்கு இன்னும் நாப்பத்தொண்ணு."